பாலை நிலத்து வெந்நீர் ஊற்றுகள்: வாசகர் கேள்வி – பதில்

ஆஸ்திரேலியாவின் ‘அவுட்பேக்’ எனப்படும் ஆளரவமற்ற உட்பகுதியில், தரையைப் பிளந்துகொண்டு வெதுவெதுப்பான நீர் வரும் ஊற்றுகள் பல உள்ளன. அவற்றைக் காணச் செல்வது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறேன். அந்த வழிகளில் சில முறை பயணம் செய்திருப்பதால், சில இடங்களில் என் சொந்த அனுபவத்தையும் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஜூலை மாதம் டார்வின் நகருக்குக் குடும்பத்துடன் செல்கிறோம். எழுபது வயதைக் கடந்த அம்மாவும் இரண்டு சிறு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். எங்களிடம் இருக்கப்போவது சாதாரண வாடகைக் கார்தான். எந்த ஊற்றுக்குப் போகலாம்?

தயக்கமின்றி மாட்டராங்காவுக்குப் போங்கள். டார்வினிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 420 கிலோமீட்டர் தொலைவில், ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிற்றூர் அது. வழி முழுவதும் தார்ச்சாலை என்பதால் உங்கள் கார் போதும். ஒரே மூச்சில் ஓட்டாமல், மாட்டராங்காவுக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் முன்னதாக வரும் கேத்தரின் ஊரில் ஓர் இரவு தங்கினால் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் அலுப்பிராது. கேத்தரினிலும் ஆற்றோரமாக ஓர் ஊற்று உண்டு. அதன் நீர் வெந்நீர் என்று சொல்லும் அளவுக்குச் சூடாக இராது.

மாட்டராங்காவில் குளிக்க இரண்டு இடங்கள் இருக்கின்றன, இரண்டும் எல்சி தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. முதலாவது, உயர்ந்த விசிறிப் பனைகளின் நிழலில் கரை கட்டப்பட்ட குளம். அதற்கு நீர் தரும் ரெயின்போ ஊற்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கோடி லிட்டர் நீரை வெளியேற்றுகிறது. அந்த நீர் ஆண்டு முழுவதும் 34 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கிறது. இறங்கவும் ஏறவும் எளிது என்பதால் உங்கள் அம்மாவுக்கு ஏற்றது இதுவே. மற்றொன்று பிட்டர் ஸ்பிரிங்ஸ். அங்கே நீர் மெதுவாக ஓடுவதால், மிதவை ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அது உங்களை மரங்களுக்கு இடையே தானாகவே இட்டுச் செல்லும். என் விருப்பம் இதுதான். ஆயினும் நீந்தத் தெரியாத பிள்ளைகளைப் பெரியவர் துணையின்றி இதில் விடக் கூடாது.

சில பருவங்களில் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பனைகளில் வந்து தங்கும். அப்போது நாற்றம் கடுமையாக இருக்கும். அவை அந்த இடத்துக்கு உரியவை என்பதால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கையால் மட்டும் தொட்டுவிடாதீர்கள். டார்வினும் மாட்டராங்காவும் அடங்கிய வட ஆட்சிப்பகுதிக்கு (நார்தர்ன் டெரிட்டரி) வெளியிலிருந்து வருபவர்கள் பூங்கா அனுமதிச் சீட்டு வாங்கும் முறை 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: அந்தப் பகுதியில் முதலைகள் உண்டென்கிறார்களே?

உண்டு. நன்னீர் முதலை, உவர்நீர் முதலை என இருவகை உண்டு. இரண்டாவது ஆளைக் கொல்லும். மழைக்காலத்தில் ஆறுகள் பெருகும்போது உவர்நீர் முதலைகள் நீண்ட தொலைவு உள்ளே வந்துவிடுவதால், ஆற்றோடு தொடர்புள்ள ஊற்றுகளை வனக்காவலர்கள் மூடிவிடுகிறார்கள். நீர் வடிந்து, தேடிப் பார்த்து, ஆபத்தில்லை என்று உறுதிசெய்த பிறகே திறப்பார்கள். மூடப்பட்டதாக அறிவிப்பு இருக்கும் நீரில் கால்கூட நனைக்காதீர்கள்.

கேள்வி: ஆஸ்திரேலிய நிலப்பரப்பில் கொதிக்கும் எரிமலை ஏதும் இல்லை. அப்படியிருக்க, பாலைவனத்தின் நடுவே இவ்வளவு நீர் எங்கிருந்து வருகிறது? அது ஏன் சூடாக இருக்கிறது?

நல்ல கேள்வி. இதற்கான விடையை அறிந்துகொண்டு போனால், அந்த நீரில் இறங்கும்போது வேறொரு உணர்வு உண்டாகும்.

உட்பகுதியின் பெரும்பாலான ஊற்றுகளுக்கு மூலம், பெரும் ஆர்ட்டீசியப் படுகை என்னும் நிலத்தடி நீர்த்தேக்கம். குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தென் ஆஸ்திரேலியா, வட ஆட்சிப்பகுதி ஆகிய நான்கின் அடியிலும் 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் அது பரந்திருக்கிறது. நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். கிழக்கே நீளும் மலைத்தொடரின் சரிவுகளில் பெய்யும் மழை, நுண்துளைகள் கொண்ட மணற்பாறைக்குள் இறங்கி, மேலும் கீழும் நீர்புகாத பாறை அடுக்குகளுக்கு இடையே சிறைப்பட்டு, ஆண்டுக்குச் சில மீட்டர் என்ற அளவில் நகர்கிறது. அந்த வேகத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடந்து வருவதால், படுகையின் சில பகுதிகளில் உள்ள நீரின் வயது பத்து லட்சம் ஆண்டுகளைத் தாண்டுகிறது. மனித இனம் தோன்றும் முன்பு பெய்த மழையில் நாம் குளிக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பூமிக்குள் ஆழம் செல்லச் செல்ல வெப்பம் கூடும். படுகை சில இடங்களில் 3,000 மீட்டர் வரை ஆழமுடையது. அங்கே தேங்கிய நீர் பாறையின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. பேர்ட்ஸ்வில் என்ற சிற்றூரில் 1,200 மீட்டருக்கும் கீழிருந்து வரும் நீர் 98 டிகிரி வெப்பமுடையது. அந்தச் சூட்டிலிருந்து அவ்வூர் 2018 வரை மின்சாரமும் எடுத்துவந்தது. பாறையில் பிளவு உள்ள இடத்தில், உள்ளிருக்கும் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. அதுவே ஊற்று.

எல்லா ஊற்றுகளும் இந்தப் படுகையைச் சேர்ந்தவை என்று எண்ணிவிட வேண்டாம். மாட்டராங்காவின் நீர் வேறொரு சுண்ணாம்புப் பாறை அடுக்கிலிருந்து வருகிறது. தென் ஆஸ்திரேலியாவில் ஆர்க்கரூலாவுக்கு அருகிலுள்ள பாரலானா ஊற்றைச் சூடாக்குவது, அங்குள்ள கருங்கற்பாறைகளில் உள்ள யுரேனியம் முதலியவற்றின் கதிரியக்கச் சிதைவு. நீரோடு ரேடான் வாயுவும் குமிழியிட்டு வருகிறது. அன்டார்டிக் பயணங்களால் புகழ்பெற்ற புவியியலாளர் டக்ளஸ் மாசன், 1920களில் இந்த ஊற்றைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அங்கே குளிக்கக் கூடாது. அருகில் கூடாரம் அடித்துத் தங்கவும் கூடாது. அப்பகுதியின் பூர்வகுடிகளான அட்ன்யமதன்ஹா மக்களுக்கு அது முன்னோர் கதைகளோடு பிணைந்த இடம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: டால்ஹவுசி ஊற்றுகளுக்குப் போக வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை. அவ்வளவு தூரம் சிரமப்பட்டுப் போவது தகுமா? எப்படிப் போவது?

தகும். நான் கண்ட வெந்நீர் ஊற்றுகளுள் மனத்தில் ஆழமாகப் பதிந்தது அதுதான்.

தென் ஆஸ்திரேலியாவின் வடகோடியில், சிம்ப்சன் பாலைவனத்தின் மேற்கு விளிம்பில் விட்ஜிரா தேசியப் பூங்கா இருக்கிறது. சிவந்த மண்ணும், சக்கரத்தைக் கிழிக்கும் கூர்ங்கற்கள் பரவிய சமவெளியும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீண்டுகொண்டே போகும். மரமென்று சொல்லத்தக்க ஒன்றைக் காணாமல் மணிக்கணக்கில் ஓட்டிய பிறகு, தொலைவில் கரும்பச்சைக் கோடு ஒன்று தெரியும். நாணலும் ‘டீ ட்ரீ’ எனப்படும் மெலலூக்கா மரங்களும் சூழ்ந்த அந்தக் கோட்டுக்குள்தான் அறுபதுக்கும் மேற்பட்ட ஊற்றுகள் அடங்கிய கூட்டம் உள்ளது. அவற்றுள் குளிக்க அனுமதியுள்ள பெரிய குளத்தில் நீர் 34 முதல் 38 டிகிரி வரை வெப்பமாக இருக்கும். இறங்கப் படிகள் உண்டு. ஆனால் நடுவில் கால் எட்டாது. அசையாமல் நின்றால் சிறு மீன்கள் வந்து காலைக் கொத்தும்.

அந்த மீன்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். அவற்றுள் சில இனங்கள் இந்த ஊற்றுக் கூட்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பாலைவனம் வறண்டுபோனபோது வெளியேற வழியின்றி இந்தக் குளங்களிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, தனி இனங்களாகவே மாறிவிட்டன. குளத்தில் கரையும் சோப்பும், வெயிலுக்குப் பூசும் களிம்பும், கொசுவிரட்டித் தைலமும் அவற்றின் ஒரே வீட்டில் கொட்டப்படும் நஞ்சு. ஆகவே களிம்பைத் துடைத்துக் கழுவிவிட்டு இறங்குங்கள்; வெயில் தாங்கவில்லை என்றால் நீண்ட கை வைத்த மேலாடையோடு குளியுங்கள்.

கீழ்த் தெற்கு அரன்டா, வாங்கங்குரு என்னும் பூர்வகுடி மக்களின் நிலம் இது. இந்த ஊற்றை அவர்கள் இர்வன்யேரி என்று அழைக்கிறார்கள். நலம் தரும் ஊற்று என்பது அதன் பொருள். பூங்காவின் நிர்வாகத்திலும் அம்மக்களுக்குப் பங்குண்டு. இந்த ஊற்றுகள் 2009இல் தேசிய மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இனி வழி. ஊட்னடாட்டா என்னும் சிற்றூரிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர். முழுவதும் மண்ணும் கல்லும். நான்கு சக்கரங்களும் இயங்கும் உயரமான வண்டி கட்டாயம். எரிபொருளுக்கும் உணவுக்கும் அருகிலுள்ள இடம் மவுண்ட் டேர் விடுதி. அது ஊற்றிலிருந்து 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பூங்காவுக்கான அனுமதிச் சீட்டை முன்னதாகவே பெற்றுக்கொள்ள வேண்டும். டால்ஹவுசியோடு திரும்பாமல் கிழக்கே மணல்மேடுகளைக் கடந்து செல்ல விரும்புவோர், அங்குள்ள சிம்ப்சன் பாலைவனப் பூங்கா டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடப்பட்டிருக்கும் என்பதைக் கருத்தில் கொள்ளுங்கள்.

கேள்வி: ஊட்னடாட்டா வழியில் வண்டி பழுதானால் என்ன செய்வது? பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் இருப்பது நல்லது. ஏற்பாடுகளைச் சரியாகச் செய்ய வைக்கும். இந்தப் பயணத்தில் உயிருக்கு ஆபத்து என்றால் அது பெரும்பாலும் ஊற்றில் வருவதில்லை, ஊற்றுக்குப் போகும் வழியில்தான் வருகிறது.

முதல் விதி: வண்டியை விட்டு நகராதீர்கள். உதவி தேடி நடந்து போனவர்கள் வழியில் இறந்து கிடக்க, அவர்களுடைய வண்டியை மட்டும் முதலில் கண்டுபிடித்த சோகங்கள் அந்த நிலத்தில் பல நிகழ்ந்துள்ளன. வானிலிருந்து தேடுபவர்களுக்கு வண்டி எளிதில் தெரியும், தனி மனிதர் தெரியமாட்டார். வண்டி நிழலும் தரும். குடிநீர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் என்று கணக்கிட்டு, திட்டமிட்ட நாள்களைவிடச் சில நாள்களுக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். அதையும் ஒரே பீப்பாயில் வைக்காமல் பல கலங்களில் பிரித்து வையுங்கள்.

கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. சாட்டிலைட் ஃபோனும், ஆபத்தில் அழுத்தினால் நாம் இருக்கும் இடத்தை மீட்புப் பணியாளர்களுக்குத் தெரிவிக்கும் சிறு அவசரக் கருவியும் வாடகைக்குக் கிடைக்கின்றன. உங்கள் வழியையும் திரும்பும் நாளையும் ஊரில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மாற்றுச் சக்கரம் இரண்டு தேவை. முதல் பயணத்தில் நான் ஒன்று மட்டுமே கொண்டுபோனேன். முதல் நாள் நண்பகலுக்குள் அது பயன்பட்டுவிட்டதால், மிச்சமிருந்த இரண்டு நாளும் ஒவ்வொரு கல்லையும் பார்த்துப் பார்த்து அச்சத்தோடு ஓட்ட வேண்டியதாயிற்று. ஊற்றில் இறங்கியபோதுகூட மனம் சக்கரத்தில்தான் இருந்தது. கற்பாதையில் சக்கரங்களின் காற்றைச் சற்றுக் குறைத்து, வேகத்தையும் குறைத்து ஓட்டினால் கிழிபடுவது குறையும்.

மழை பெய்தால் அந்த மண் பசைபோல் ஆகிவிடும், சாலைகளை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் வண்டி ஓட்டினால் அபராதம் உண்டு. காத்திருக்கும்படி நேர்ந்தால் காத்திருங்கள். மே முதல் செப்டம்பர் வரையிலான குளிர்மாதங்களே ஏற்றவை. கோடையில் போக எண்ணாதீர்கள்: 1960 ஜனவரி 2 அன்று ஊட்னடாட்டாவில் பதிவான 50.7 டிகிரி, அந்நாட்டில் பதிவான வெப்பங்களின் உச்சத்தில் இன்றும் நிற்கிறது.

கேள்வி: வழியில் பார்க்க வேறு ஊற்றுகள் உண்டா?

ஊட்னடாட்டாப் பாதையே ஊற்றுகளைத் தொட்டுத் தொட்டு அமைந்த பாதை. பூர்வகுடிகள் பண்டமாற்றுக்கு நடந்த வழிகள் ஊற்றுக்கு ஊற்று சென்றன. பின்னர் வந்த ஆய்வுப்பயணி ஜான் மெக்டவல் ஸ்டூவர்ட்டின் பயணங்களும், 1872இல் முடிந்த தந்திக் கம்பித் தடமும், நீராவி இரயிலுக்கு நீர் தேவைப்பட்ட பழைய கான் இரயில் பாதையும் அதே ஊற்றுவரிசையையே பின்பற்றின.

மர்ரீ என்னும் ஊரிலிருந்து மேற்கே செல்லும்போது வாப்மா கடர்பு பூங்காவில் பிளான்ச் கப், பப்ளர் என்னும் இரண்டைக் காணலாம். ஊற்று நீரில் கரைந்திருக்கும் தாதுக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து படிந்து மேடாகி, அதன் உச்சியில் வட்டமான குளம் நிற்கிறது. பப்ளரின் நடுவே அடிமணல் ஓயாமல் பொங்கிப் புரளும். முன்னோர் ஒருவர் கொன்ற பெரும்பாம்பின் சாகுந்தறுவாய்த் துடிப்பு அது என்றும், அதன் தலை அருகிலுள்ள குன்றாயிற்று என்றும், அதன் உடலைச் சுட்ட அடுப்பே பிளான்ச் கப் என்றும் அந்த மண்ணின் கதை கூறுகிறது. இரண்டிலும் குளிக்க அனுமதியில்லை. குளிக்க விரும்புவோர் சிறிது தொலைவில் உள்ள கவர்ட் ஸ்பிரிங்ஸுக்குச் செல்லலாம். அங்கே பழைய ஆழ்துளைக் கிணற்றின் வெதுவெதுப்பான நீர் மரத்தொட்டி ஒன்றில் வந்து விழுகிறது.

கேள்வி: ஆழ்துளைக் கிணற்று நீரில் குளிப்பதும் ஊற்றில் குளிப்பதும் ஒன்றா?

நீர் ஒன்றே, வழி வேறு. நியூ சவுத் வேல்ஸின் லைட்னிங் ரிட்ஜில் 41 டிகிரிக்கு மேல் சூடான நீர்க்குளம் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. சாதாரணக் காரில் போய்விடலாம். மோரீ நகரில் 1895இல் தோண்டிய கிணற்றிலிருந்து வந்த வெந்நீர்க் குளமும் புகழ்பெற்றது.

மோரீக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பூர்வகுடிகளை அந்தக் குளத்துக்குள் விடக் கூடாதென்ற விதி அங்கே இருந்தது. 1965 பிப்ரவரியில் சார்லஸ் பெர்க்கின்ஸ் தலைமையில் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்கள் பேருந்தில் வந்து, பூர்வகுடிச் சிறுவர்களை அழைத்துக்கொண்டு வாயிலில் நின்று போராடினார்கள். அந்தப் போராட்டத்தின் நினைவாகவே 2013இல் அந்தக் குளம் தேசிய மரபுச் சின்னமாயிற்று. இத்தனை பழமையான நீரை இந்த மண்ணின் மூத்த மக்களுக்கே மறுத்தார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

கேள்வி: இந்த நீர் மூட்டுவலியைக் குணமாக்குமா?

வெதுவெதுப்பான நீர் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும். மிதக்கும்போது மூட்டுகளின் மேல் உடலின் பாரம் குறைவதால் வலி தணியும். அந்த ஆறுதல் மெய்யானது. அதனால் நோய் தீரும் என்று எண்ணி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இதயநோய், இரத்த அழுத்தக் கோளாறு உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போவதே சரி, குறிப்பாக 38 டிகிரிக்கு மேற்பட்ட நீருக்கு. வட ஆட்சிப்பகுதியில் வாகிமன் மக்களுக்குரிய டக்ளஸ் வெந்நீர் ஊற்றில் சில இடங்களில் நீர் 60 டிகிரியையும் தாண்டும், தோல் வெந்துவிடும். முன்பின் தெரியாத நீரில் குதிக்காமல், முதலில் ஓரத்தில் கையால் பதம் பாருங்கள்.

கேள்வி: வெந்நீர் ஊற்றில் மூளையைத் தாக்கும் அமீபா இருக்கும் என்று படித்தேன். உண்மையா?

உண்மை, ஆனால் மிக அரிது. நெக்லேரியா ஃபௌலரி என்னும் அந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வளரும். அது மனித நோயாக முதலில் அடையாளம் காணப்பட்டதும் தென் ஆஸ்திரேலியாவில்தான். அடிலெய்டைச் சேர்ந்த மருத்துவர்கள் ஃபௌலரும் கார்ட்டரும் 1965இல் அதைப் பற்றி எழுதினார்கள். அமீபாவின் பெயரில் இருப்பது அந்த ஃபௌலர்தான். அது மூக்கின் வழியாக மட்டுமே மூளையை அடைகிறது, குடிப்பதால் தொற்றாது. தொற்றியவர்கள் பிழைப்பது அரிது. ஆகவே தலையை நீருக்கு மேலே வைத்திருங்கள், குதிக்காதீர்கள், அடி மண்ணைக் கிளறாதீர்கள். பிள்ளைகளிடம் மூழ்கி விளையாட வேண்டாமென்று வண்டியிலேயே சொல்லிவிடுங்கள். நீரைக் கண்ட பிறகு சொன்னால் அவர்கள் காதில் விழாது.

கேள்வி: இந்த ஊற்றுகள் என்றாவது வற்றிவிடுமா?

சில ஏற்கெனவே வற்றிவிட்டன. 1878இல் பர்க் நகருக்கு அருகே முதல் கிணற்றில் நீர் பீறிட்டதும், கால்நடைப் பண்ணைகளுக்காக ஆயிரக்கணக்கான கிணறுகள் தோண்டப்பட்டன. பல கிணறுகள் மூடியின்றி இரவு பகலாக ஓடின; திறந்த வாய்க்காலில் விட்ட நீரில் பெரும்பகுதி ஆவியாகியும் மண்ணில் ஊறியும் வீணாயிற்று. படுகையின் அழுத்தம் குறையவே, மேட்டிலிருந்த ஊற்றுகளுக்கு நீர் ஏறவில்லை. 1999 முதல் அரசுகள் செலவைப் பகிர்ந்துகொண்டு கிணறுகளுக்கு மூடியிட்டு, வாய்க்கால்களுக்குப் பதிலாகக் குழாய்களைப் பதித்தன. சில பகுதிகளில் அழுத்தம் மீண்டும் உயர்ந்தது. ஒலிம்பிக் டேம் சுரங்கமும் இதே படுகையிலிருந்துதான் நீர் எடுக்கிறது. இந்த ஊற்றுகளை நம்பி வாழும் உயிர்க்கூட்டம் அழியும் நிலையில் உள்ளதாகச் சட்டப்படி பட்டியலிடப்பட்டிருக்கிறது.

கேள்வி: டால்ஹவுசியில் குளிக்க எந்த நேரம் நல்லது?

மாலை மங்கும் வேளையில் கொசு அதிகம். அந்நேரம் கூடாரத்துக்குள் இருப்பதே நலம். குளிர்மாதங்களில் இரவு வெப்பம் உறைநிலையை நெருங்கும் என்பதால், விடியலில் குளம் முழுவதும் ஆவி எழுந்து நிற்கும். சூரியன் ஏறியதும், கம்பளி மேலாடையையும் துண்டையும் படியருகே வைத்துவிட்டு மெல்ல இறங்குங்கள். கழுத்துவரை வெதுவெதுப்பும் முகத்தில் குளிர்காற்றுமாக, நாணலில் பறவைகள் பேசத் தொடங்கும் அந்த ஒரு மணி நேரம் பெரும்பாலும் உங்களுக்கு மட்டுமே கிடைக்கும்.